ஒரு எட்டு பின்னால்

அறிவுக்குத் தெரியாமல் அவனுடைய கேமராவின் வயிற்றைத் திறந்தவள், அவன் மனைவி அன்புக்கரசி.

திறந்தது மட்டுமா? ஃபிலிம் ஓடும் உலோகத் தடத்தை அரத்தால் ராவி, அங்கே ஒரு டிஜிட்டல் சென்சாரைப் பொருத்திவிட்டாள். இனி அதில் ஃபிலிம் போடவே முடியாது.

வேளச்சேரி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, பன்னிரண்டு வருஷ நெகட்டிவ் மொத்தமும் சேறாய்ப் போன நாளிலிருந்து அறிவு கேமராவைத் தொடவில்லை. வேறு கேமராவும் வாங்கவில்லை. படம் எடுக்காத அறிவு அவளுக்குப் புது ஆள். அவளோ கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிப்பவள். கை சும்மா இருக்குமா?

சாந்தோம் கடற்கரை. விடிந்தும் விடியாத வெளிச்சம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல்.

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். கேமராவின் முதுகில் புதிதாய் முளைத்திருந்த தீப்பெட்டி அளவுத் திரையை அறிவு விரலால் தடவினான்.

"இன்னா இது?"

"டிஜிட்டல் மாமா. ஃபிலிம் வேணாம்."

"அறுத்தியா?"

"கொஞ்சம் ராவுனேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுவ."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." திருப்பி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு எடு. நல்லா வரலன்னா நானே இத பரண்ல போட்டுடறேன். அப்புறம் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ? வாயத் தொறக்க மாட்ட?"

ஆனாலும் கண்ணருகே கொண்டுபோனான். ஆறடி தூரத்தில் நின்றாள்.

கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலுக்குள் இரண்டு அன்புக்கரசிகள். ஒருத்தி அழுத்தமாய். இன்னொருத்தி வெளிறிய நிழலாய், பக்கத்தில் மிதந்துகொண்டு. லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக, நிழல் மெல்ல நீந்தி வந்தது. தோளோடு தோள் ஒட்டியது. இரண்டும் ஒன்றாயின. ஒன்றானால் ஃபோகஸ் சரி.

க்ளிக்.

திரையில் அன்புக்கரசி வெறும் பனிமூட்டம். அவளுக்குப் பின்னால் மணலில் குவிந்திருந்த மீன்வலைதான், முடிச்சு முடிச்சாய் எண்ணும்படி தெளிவு.

 தப்பு எங்கே என்று அவளுக்கு அடுத்த நொடியே புரிந்துவிட்டது.

"சென்சார் மேல கண்ணாடி மூடி கீது. வெளிச்சம் அதுல பூந்து வந்தா ஃபோகஸ் கால் மில்லிமீட்டர் பின்னால போய்டும். ஃபிலிம் இருந்த எடத்தையே அளந்து வச்சிட்டேன். கண்ணாடிய கணக்குல சேக்கல."

"போர்டு டெஸ்ட் பண்றவங்க."

"குத்திக்காட்டு." கையை நீட்டினாள். சொன்ன சொல் சொன்னதுதான். பரண்.

அறிவு கொடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வல உனக்கு எவ்ளோ பின்னால கீது?"

"ஒன்றரை அடி இருக்கும்."

"பழைய எடத்துலயே நில்லு."

மறுபடி இரண்டு பேரை ஒருத்தியாக்கினான். வளையத்திலிருந்து விரலை எடுத்தான்.

"இப்ப ஒரு எட்டு பின்னால போ. என்ன பாத்துக்கினே."

போனாள். ஜன்னலுக்குள் நிழல் அவளிடமிருந்து கழன்று தனியே நழுவியது. அதை இழுத்துச் சேர்க்கத் துடித்த விரலை அடக்கிக்கொண்டான்.

க்ளிக்.

திரையை வெகுநேரம் பார்த்தான். இந்தமுறை வலை முடிச்சுகளோடு அவள் முகமும் தெளிவு.

"காட்டு மாமா."

"இரு." கட்டைவிரல் அடுத்த படத்துக்கு லீவரை இழுத்துவிட்டிருந்தது. "வெளிச்சம் மாறுது. பழைய எடத்துக்கு வா."