இருநூறு டாலர் ஸ்கோப்பும் ஒரு சட்டை நுனியும்

அர்லீன் ப்ரோச்னோவின் சட்டை நுனி ஓராண்டாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலமும் பச்சையும் கட்டம் போட்ட துணி. வேட்டைக் குடிலின் அடுப்புக்கு நேர் மேலே, யார் காபி ஊற்றப் போனாலும் கண்ணில் படுகிற இடத்தில், மூன்று ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அதன் மேல் குடிலின் தலைவனும் அவள் பெரியப்பா மகனுமான மெர்லின் தன் கோணல் எழுத்தில் அவள் பெயரை எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: "பத்துக் கிளைக் கொம்பன். நின்றுகொண்டிருந்தது." அந்தக் கடைசி வார்த்தைதான் அர்லீனுக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற மானைத் தவறவிட்டவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. நின்ற மானைத் தவறவிட்டவளைப் பார்த்துச் சிரிக்க மட்டுமே ஆள் உண்டு.

வடக்கு விஸ்கான்சினில் இது எல்லாக் குடில்களிலும் உள்ள வழக்கம்தான். மானைச் சுட்டுத் தவறவிட்டால் அன்று மாலையே சட்டையின் பின்நுனியை வெட்டிக் கொடுத்துவிட வேண்டும், அப்பீல் கிடையாது. ப்ரோச்னோ குடிலில் மட்டும் இன்னொரு விதியும் உண்டு. அடுத்தடுத்து இரண்டு வருஷம் சட்டை இழந்தவர் காத்திருந்து சுடுகிற பரண், தொப்பிக்குள் சீட்டுப் போட்டு வேறொருவருக்குப் போய்விடும். அர்லீனின் பரணோ மேட்டுப் பரண். கீழே சதுப்பு, பின்னால் கருவாலி மரங்கள், நடுவே மான்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த தடம். அதன் மேல் அவள் தம்பி ராய்ஸுக்கு இருபது வருஷமாக ஒரு கண்.

அர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் பிள்ளைகள் கூரை கிழியக் கத்த, உறைந்த சாலையில் வண்டியைக் கோடு மாறாமல் கொண்டுபோகிறவள். கை நடுங்கித்தான் போன வருஷம் குறி தப்பியது என்று ராய்ஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கை நடுங்கவில்லை. அவள் துப்பாக்கியில் குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப் கிடையாது, பழைய இரும்புக் குறிமுனைதான். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு, குழல் நுனியில் ஒரு மணி, அதற்கப்பால் மான். மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒன்று தெளிந்தால் மற்ற இரண்டும் கலங்கின. கண்ணுக்கு மட்டும் ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. மற்ற அர்லீனுக்கு ஆகவில்லை. ஆகவே இந்த வருஷம் ஸ்கோப் வாங்குவது என்று முடிவு செய்தாள். கையில் இருந்தது இருநூறு டாலர். அது போதும் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

டோரீனின் ஹார்டுவேர் கடையில் ஆணி, மாட்டுத் தீவனம், துப்பாக்கி மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். டோரீன் அவளோடு பள்ளியில் படித்தவள். ராய்ஸை யாரும் கூப்பிடவில்லை; அவனே அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா, கண் டாக்டர்கிட்ட போக வேண்டிய ஆளு துப்பாக்கிக் கடைக்கு வந்துட்ட?"

"உன் வாயைத் தைக்க ஊசி கிடைக்குமான்னு பாக்க வந்தேன்."

அவன் தன் துப்பாக்கியையே கொண்டுவந்திருந்தான், காட்டுவதற்கு. மேலே முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்கோப், முன்கண்ணாடி ஜாம் பாட்டில் அகலம். "இருபத்துநாலு மடங்கு! நிலாவுல எலி ஓடினா அதோட மீசை தெரியும்க்கா. வாங்கினா இதை மாதிரி வாங்கணும்."

"நிலாவுல வேட்டையாட எனக்கு லைசென்ஸ் இல்லடா. என் பரண்லருந்து நூறு கெஜத்துக்கு அப்புறம் மரம்தான் தெரியும். மான் வர்றது நாப்பது கெஜத்துல. அதைப் பாக்கறதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பீரங்கி?"

டோரீன் இருநூறு டாலருக்குள் அடங்குகிற மூன்று ஸ்கோப்புகளை மேசை மேல் வைத்தாள். அர்லீன் தொடவில்லை. "இந்த லைட் வெளிச்சத்துல எல்லாக் கண்ணாடியும் நல்லாத்தான் இருக்கும். இருட்டட்டும். வெளியில வச்சுப் பாக்கறேன்."

"கடையை மூடணும்டி."

"மூடு. சாவியைப் பையில போட்டுட்டு நீயும் வா."

வாகனம் நிறுத்துகிற இடத்தில் மூன்று பேரும் குளிரில் நின்றார்கள். எதிரே தீவன ஆலைச் சுவரில் பெரிய எழுத்தும் அதற்குக் கீழே சின்ன எழுத்தும் இருந்தன. மான் வெளியே வருவது விடிந்தும் விடியாத நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான். அந்த வெளிச்சத்தில் தெரியாத கண்ணாடி இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன? முதல் ஸ்கோப்பில் பெரிய எழுத்தே பால் தெளித்தது மாதிரி வெளுத்துப்போனது. அதை டோரீன் கையில் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதில் சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் படம் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைக்க வேண்டியிருந்தது. அர்லீன் தம்பியின் புருவத்தைப் பார்த்தாள். அங்கே பிறை வடிவில் ஒரு தழும்பு. துப்பாக்கி பின்னால் உதைத்தபோது ஸ்கோப் கடித்த இடம் அது.

"இதுவும் கடிக்கற ஜாதி," என்றாள்.

மூன்றாவது குட்டையான, அலங்காரமில்லாத ஒன்று. இரண்டு மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை மட்டுமே காட்டும். கண்ணை நான்கு விரல் தள்ளி வைத்தாலும் படம் முழுசாகத் தெரிந்தது. சின்ன எழுத்தும் தெரிந்தது. அப்போதும் அவள் பணத்தை எடுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து மான்தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, மடங்கை மாற்றுகிற வளையத்தைத் திருகினாள். இரண்டுக்குப் போனது, ஏழுக்கு வந்தது, மறுபடி இரண்டுக்குப் போனது.

டோரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாண மோதிரம்கூட இவ்வளவு பாத்து வாங்கியிருக்க மாட்டே."

"வாங்கல. அதனாலதான் ஜீன் புருஷனா வாய்ச்சான்."

"ஏழு மடங்கு!" என்று ராய்ஸ் வானத்தைப் பார்த்துச் சொன்னான். "அதுக்குக் காகிதத்தைச் சுருட்டி வச்சுப் பாக்கலாம்."

அந்த வாரக் கடைசியில் ஊர் துப்பாக்கிச் சங்கத்தில் குறி சரிபார்க்கிற நாள். மான் வேட்டை சீசனுக்கு முன்னால் எல்லோரும் வந்து தாளில் சுட்டு, குண்டு போகிற இடமும் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு நிற்கிற இடமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்வார்கள். கூடவே ஒரு போட்டியும் உண்டு. நூறு கெஜத்தில் மூன்று குண்டு; மூன்றும் மிக நெருக்கமாக விழுந்தவருக்கு ஒரு முழுப் பன்றித்தொடை.

அர்லீன் புது ஸ்கோப்பின் வளையத்தை ஏழில் வைத்துச் சுட்டாள். மூன்று ஓட்டைகளையும் ஒரு பீர் டப்பா மூடியால் மறைத்துவிடலாம். போன வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் நெஞ்சு நிமிர்ந்தது. குடிலின் சுவரில் மாட்டியிருக்கும் நீலப் பச்சைத் துணியிடம் 'இரு, வரேன்' என்று சொல்லத் தோன்றியது.

அடுத்து ராய்ஸ் உட்கார்ந்தான், இருபத்துநாலில் வைத்து. மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. நன்றாகத்தான் சுட்டான், அதை இல்லையென்று சொல்வதற்கில்லை. பன்றித்தொடையைக் கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு அக்காவிடம் வந்தான்.

"மேட்டுப் பரணோட ஏணி உறுதியாத்தானே இருக்கு? நான் உன்னைவிடக் கொஞ்சம் கனம் பாரு."

"தாளுக்குக் கால் இல்லடா ராய்ஸ்," என்றாள் அர்லீன். சொன்னாளே தவிர, உள்ளே சுருக்கென்றது.

சனிக்கிழமை சீசன் திறந்தது. விடியும் முன்பே அவள் மேட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மேலே ஆரஞ்சு நிறக் கோட்டு, உள்ளே இரண்டு கம்பளி, மடியில் துப்பாக்கி. மூச்சு கழுத்துத் துணியில் உறைந்தது. சதுப்புக்கு அந்தப் பக்கம் ராய்ஸின் பரண். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. பிறகு சத்தமில்லை. ஒரே வெடி என்றால் மான் விழுந்திருக்கும், இல்லையென்றால் போய்விட்டிருக்கும். ராய்ஸ் சுட்ட பிறகு வேறு சத்தமே வராததைப் பார்த்தால் விழுந்துதான் இருக்கும் என்று நினைத்தாள். பன்றித்தொடைக்கு மேல் மானும் சேர்ந்தால் அவன் பேச்சைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் கேட்டாக வேண்டும்.

அப்போது சதுப்புக்குள் சுள்ளி முறிந்தது. எட்டுக் கிளைக் கொம்பன் ஒன்று மூச்சு வாங்கத் தடத்தில் ஏறி வந்து, திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. நாற்பது கெஜம்கூட இல்லை. பரணுக்குக் கீழேயே என்று சொல்லலாம்.

அர்லீன் துப்பாக்கியைப் பரணின் கம்பியில் சாய்த்துக் கண்ணை வைத்தாள். கண்ணாடி முழுக்க ரோமம். பழுப்பு ரோமம், அவ்வளவுதான். அது தோளா, தொடையா, வயிறா, ஒன்றும் தெரியவில்லை. போன வருஷமும் மான் இப்படித்தான் நின்றது. நின்றுகொண்டிருந்தது!

சங்கத்தில் சுட்ட பிறகு வளையத்தை இறக்கவே இல்லை. ஏழிலேயே கிடந்தது. 'அடி முட்டாளே' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டும்போதே இடக்கை நகர்ந்துவிட்டது. கண்ணை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றவில்லை. தடித்த மான்தோல் விரல் வளையத்தைத் தேடிப் பிடித்து, கடை வாசலில் திருகின மாதிரியே திருகியது. ரோமம் விலகிப் போய், மான் உருவம் வந்தது. தலை, கொம்பு, கழுத்து, தோள். தோளுக்குச் சற்றுப் பின்னால் குறுக்குக் கோட்டை நிறுத்தி, மூச்சை விட்டு, விசையை அழுத்தினாள்.

மான் நான்கு தாவல் தாவி, கருவாலி மரத்தடியில் விழுந்தது. அர்லீன் பரணில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள். யாரும் கேட்கவில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகவே இல்லை.

இழுத்துப்போகக் கை கொடுக்க மெர்லினும் ராய்ஸும் வந்தார்கள். ராய்ஸ் மானைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இது என் மான்க்கா. என்கிட்ட வந்துட்டுத்தான் இங்க வந்திருக்கு."

"உன் மான்னா உன்கிட்டயே விழுந்திருக்கணும்."

"நடுவுல ஒரு கிளை வந்துடுச்சு."

மெர்லின் ராய்ஸின் தோளில் தொங்கிய துப்பாக்கியை எட்டிப் பார்த்தான். வளையம் போட்டியில் வைத்த இருபத்துநாலிலேயே நின்றது. "கிளையா? பன்றித்தொடையா?"

ராய்ஸின் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்தது. "முப்பது கெஜத்துல வந்து நிக்குதுண்ணா. பாத்தா ஒரே மயிரு. திருகிப் பாத்தேன், வளையம் இறுக்கம், கையுறை வழுக்குது. பல்லால கடிச்சுக் கையுறையை இழுத்தேன். மான் நகர ஆரம்பிச்சுது. ஏதோ ஒரு மயிரைப் பாத்துச் சுட்டுட்டேன்."

மெர்லின் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அர்லீனும் சிரித்திருக்கலாம். சிரிக்க அவளுக்கு ஓராண்டு உரிமை இருந்தது.

"நானும் ஏழுலதான் விட்டு வச்சிருந்தேன்," என்றாள். "எனக்கும் மயிருதான் தெரிஞ்சுது."

ராய்ஸ் நிமிர்ந்து பார்த்தான். "அப்புறம்?"

"அப்புறம் திருகினேன். கையுறையோட."

அவன் அக்காவின் கையைப் பார்த்தான். குட்டை ஸ்கோப்பைப் பார்த்தான். காகிதத்தைச் சுருட்டி வைக்கலாம் என்றவன், அதன் வளையத்தைக் கையுறையோடு ஒரு தடவை திருகிப் பார்த்தான்.

மாலையில் அடுப்பு கணகணத்தது. மேசையில் பிராந்தியும் பாலாடைக்கட்டியும், அந்தப் பன்றித்தொடையும் இருந்தன. தவறின மானை வீழ்த்தியவர் கையில்தான் கத்தரிக்கோல் இருக்க வேண்டும் என்றான் மெர்லின். ராய்ஸ் போட்டிருந்தது புதுச் சட்டை; சிவப்பு, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்ற கம்பளி.

"இது பெஞ்சாதி வாங்கிக் குடுத்ததுக்கா. கொஞ்சமா வெட்டு."

"நின்னுதா, ஓடுச்சா?"

"...நின்னுது."

"அப்ப கொஞ்சமா வெட்ட முடியாது."

முதுகில் பாதி வரைக்கும் கத்தரிக்கோல் ஏறியது. மெர்லின் அந்தத் துணியில் பேரை எழுதிவிட்டு, ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். "இருண்ணா," என்று அர்லீன் துணியை வாங்கிக்கொண்டாள். சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்து, ஸ்கோப்பின் கண்ணாடியில் வாயால் ஊதி, தம்பியின் சட்டை நுனியால் முன்னும் பின்னும் பொறுமையாகத் துடைத்தாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நல்ல துணி, ஒரு நூல்கூட ஒட்டவில்லை.

பிறகு கொடுத்தாள். மெர்லின் அதை எப்போதும் செய்வது போல, போன வருஷத்துத் துணியின் மேலேயே வைத்து ஆணி அடித்தான். சிவப்புத் துணி அகலமானது. கீழே இருந்த நீலமும் பச்சையும் மறைந்துபோயின.

"அக்கா," என்றான் ராய்ஸ், முதுகில் குளிர் ஏற அடுப்புக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே. "டோரீன்கிட்ட அந்த மாதிரி இன்னொண்ணு இருக்குமா?"

"இருக்கும். பொழுது சாயறப்ப போ," என்றாள் அர்லீன். "கையுறையை எடுத்துட்டுப் போ."

அவள் எழுந்து காபி ஊற்றப் போனாள். அடுப்புக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். அவள் பெயர் அங்கே இல்லை.