மஞ்சள் கோட்டில் விரித்த வலை

பிள்ளைச்சாவடி வளைவில் ரோட்டின் நடுவே மஞ்சள் கோடு ஒன்று இருக்கிறது. யாருக்காகப் போட்டார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். போன மாசியில் புதுச்சேரியிலிருந்து வந்த வேன் ஒன்று, டிரைவர் போனைப் பார்த்த நேரத்தில், அந்தக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. தன் பக்கத்தில், ஓரமாக, மீன் பெட்டியோடு மொபெட்டில் வந்த சின்னக்கண்ணு அடிபட்டு அங்கேயே உயிரை விட்டான்.

அவன் பெண்டாட்டி தனக்கொடி அழுது முடித்த கையோடு நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். வளைவில் தடுப்புக் கட்டுங்கள், இல்லையென்றால் கோட்டின்மேல் கல்லாவது பதியுங்கள், கோடு மாறினால் டயர் தடதடவென்று அடித்து டிரைவருக்கு உறைக்கட்டும் என்று கேட்டாள். "மேல எழுதியிருக்கோம்மா" என்றார்கள். எந்த மேல் என்று கடைசிவரை சொல்லவில்லை. மகள் அபியோ தினமும் அதே வளைவில்தான் ஸ்கூட்டியில் காலேஜ் போய் வந்தாள். அவள் வீடு திரும்பும்வரை தனக்கொடி வாசலைவிட்டு நகரமாட்டாள்.

கடலில் மிதவை தெரிந்தால், அங்கே ஒருவர் வலை விரித்திருக்கிறார் என்று எந்தப் படகும் ஒதுங்கிப் போகும். அதன்மேல் படகை ஏற்றிப் போனவன் ஊரில் நிற்க முடியாது. சரி, ரோட்டிலும் விரிப்போம் என்று கிளம்பிவிட்டாள் தனக்கொடி. ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளையும் இன்னும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு, புருஷனின் பழைய நைலான் வலையை மிதவையோடு மஞ்சள் கோட்டின்மேல் நீளமாகப் போட்டாள். பறந்து வந்த வண்டியெல்லாம் வேகம் குறைத்து அதனதன் பக்கத்தில் ஊர்ந்தன.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. எஸ்.ஐ. சக்கரபாணி இறங்கும்போதே கத்தினார்.

"யாரு வேல இது? எடும்மா மொதல்ல! கேஸ் போட்டு உள்ள தள்ளிருவேன்."

"தள்ளுங்க சார்," என்றாள் தனக்கொடி. "என் வீட்டுக்காரர அடிச்சவன் ஜாமீன்ல வந்து ஜோரா வண்டி ஓட்டுறான். நான் உள்ள இருக்கேன், வலை இங்க இருக்கட்டும்."

"பைக்குல வர்றவன் சிக்கி விழுந்தா?"

"அதுக்குத்தான் செவப்புத் துணியோட ரெண்டு பக்கமும் நிக்கிறோம். நீங்க நின்னீங்களா ஒருநாளு?"

சக்கரபாணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வலைமேல் ஏற்றி இழுத்துப் போகும்படி ஜீப் டிரைவருக்குக் கைகாட்டினார்.

"வாணாம் சார், சுத்திக்கும்!" என்றாள் செல்வாம்பாள்.

கேட்டால்தானே! படகு எஞ்சின் விசிறியில் நைலான் வலை சுற்றினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வலை சக்கரத்திலும் அச்சிலும் இறுக்கிச் சுற்றிக்கொள்ள, ஜீப் சரியாக மஞ்சள் கோட்டின்மேல் நின்றுபோனது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மீன் கத்தி இருக்குல்ல? அறுத்து விடும்மா," என்றார் சக்கரபாணி, குரலை இறக்கி.

"இருக்கு சார். கல்லு பதிக்க ஆளு வரட்டும், அறுக்கறேன்," என்று தனக்கொடி மீன் கூடையிலிருந்து கத்தியை எடுத்துக் காட்டினாள்.

அந்நேரம் அபியின் ஸ்கூட்டி வந்தது. ஜீப்புக்கு அந்தப் பக்கம் வேனும் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. மகள் தன் பக்கத்தில், ஓரமாக, பத்திரமாக வந்து சேர்ந்தாள். அவள் அப்பனும் அன்றைக்குத் தன் பக்கத்தில்தான் வந்தான். தனக்கொடி கத்தியைக் கூடைக்குள் போட்டு மூடிவிட்டு, ஜீப்பின் முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்தாள்.

சக்கரபாணி அவளைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"இன்ஜினியர் சாருங்களா? நீங்களே வரணும் சார். சும்மா வராதீங்க, கல்லோட வாங்க."