ஜோடி வாட்ச்

அன்று காலை குடுக்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. முழுப் பட்டப்பெயர் அவசரக்குடுக்கை. துறைமுகத்தில் எல்லோருக்குமே அவசரம் என்பதால் முதல் பாதியை விட்டுவிட்டார்கள். அவனுடைய மாமா, அதாவது அக்கா புருஷன், கப்பல்களின் அடியில் மூழ்கி வேலை செய்கிறவர். குடுக்கைக்குப் படகின் மேல் வேலை. மாமாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலும் கீழும் பேசிக்கொள்வது அந்தக் கயிற்றை இழுத்துத்தான்.

அவன் சந்தோஷத்துக்குக் காரணம் மாமாவின் மணிக்கட்டில் மின்னியது. அவருடைய பிறந்தநாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. மூழ்குகிறவர்களுக்கென்றே செய்த, பணக்காரர்கள் கட்டும் ரகம். கலங்கிய தண்ணீரில் முதுகில் கட்டிய காற்று சிலிண்டரின் மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த வாட்சை முகத்தருகே கொண்டுவந்தால் பச்சையாக ஒளிரும் இரண்டு முள்ளும் தெரியும்.

வாங்கியது என்னவோ ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில்.

"இருநூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி புகாதுண்ணே. பின்னாடி எழுதியிருக்கு பாருங்க," என்றான் கடைக்காரன்.

"எழுதினது யாரு?"

"யாரோ படிச்சவங்கதான். ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு பாதி விலை."

பாதி விலை என்று காதில் விழுந்தால் குடுக்கைக்குப் புத்தி பாதியாகிவிடும். இரண்டாக வாங்கி, ஒன்றைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டான். போலி என்பது தெரியாமல் இல்லை. பெயர்தானே பொய், முள் நிஜமாகத்தானே ஓடுகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். வீட்டில் மட்டும், கடையில் வேலை பார்க்கும் சிநேகிதன் மூலமாக வந்த அசல் சரக்கு என்று அளந்துவிட்டான்.

அக்கா வாட்சை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். புருஷன் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவள் அவள்.

"அப்ப இனிமே நான் பயப்பட வேண்டாமாடா?"

"வேண்டாங்கா," என்றான் அவன், கண் இமைக்காமல்.

மாமா தன் பழைய வாட்சை அன்றைக்கே யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க வேறு வேலை. தண்ணீரில் இறங்குவது இன்றைக்குத்தான். ஒரு சரக்குக் கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் நைலான் வலை சிக்கிச் சுற்றியிருந்தது, அதை அறுத்தெடுக்க வேண்டும். சிலிண்டரில் நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் காற்று. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மேலே கிளம்பிவிட வேண்டும் என்பது மாமாவின் கணக்கு.

"மச்சான், இன்னைக்கு உன் கயிறு சும்மா இருக்கட்டும்," என்றார் இறங்கும்போது. "இருபது நிமிஷத்துலயே மேல வா மேல வான்னு நீ உயிரை எடுப்ப. இப்பதான் வாட்ச் இருக்கே. நேரம் நான் பாத்துக்கறேன்."

சரியாகப் பத்து மணிக்குத் தண்ணீர் அவரை விழுங்கியது. குடுக்கை தன் வாட்சைப் பார்த்துப் பூரித்துப்போனான். ஒரே நேரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஜோடியாக ஓடுகிற அழகே தனி. கொஞ்ச நேரத்தில் ஓர் இழுவைப் படகு பக்கத்தில் சீறிப் போனது. அது கிளப்பிய அலை அவனைத் தலையோடு குளிப்பாட்டியது. கூட இருந்த படகோட்டி சிரித்தார், அவனும் சிரித்தான். பத்து இருபது. இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. கப்பலின் மேல்தட்டில் யாரோ பெயின்ட் அடிப்பதை வேடிக்கை பார்த்தான்.

மறுபடி பார்த்தபோதும் பத்து இருபது.

கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. நொடி முள் செத்துக் கிடந்தது. ஓர் அலைக்கே இந்தக் கதி. அப்படியானால் கீழே இருக்கும் இதன் ஜோடி?

"அண்ணே, மணி என்ன?"

படகோட்டி போனைப் பார்த்தார். "பத்து முப்பத்தெட்டு. ஏன்?"

அவன் கயிற்றை நான்கு முறை இழுத்தான். மேலே வா என்று அர்த்தம். கீழேயிருந்து பதிலுக்கு ஒரே ஓர் இழுப்பு வந்தது. நலமாக இருக்கிறேன். மறுபடி நான்கு இழுத்தான். மறுபடி ஒன்று, இந்தத் தடவை வெடுக்கென்று. மாமா அங்கே பல்லைக் கடிப்பது கயிறு வழியாகவே அவனுக்குத் தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தினமும் புலி வருது என்று கத்தியவன் அல்லவா.

"பேசாம மேல இழுத்துடுவோமா?" என்றார் படகோட்டி.

"வேண்டாம்ணே. விசிறி பக்கம் இருக்கார். இழுத்தா தலை போய் மோதும், இல்ல கயிறு சிக்கும்."

பத்து நாற்பது. நெஞ்சு படகைவிட அதிகமாக ஆடியது. அக்காவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் இன்னொரு சைகை ஞாபகத்துக்கு வந்தது. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், கப்பலின் எஞ்சினைக் கிளப்பப் போகிறார்கள், போட்டது போட்டபடி ஓடி வா என்று பொருள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் பொய்யாகக் கொடுத்ததில்லை. கொடுத்தால் அப்புறம் துறைமுகத்தில் வேலை கிடையாது.

வேலை போனால் மயிரே போச்சு என்று குடுக்கை இழுக்கத் தொடங்கினான். உள்ளங்கை எரிய எரிய இழுத்தான். சட்டென்று கயிறு தளர்ந்தது. கப்பலின் பக்கத்திலிருந்து படகை நோக்கிக் குமிழிகள் கொப்பளித்து வந்தன. பிறகு குமிழிகள் நின்றன. அந்த இரண்டு நொடி அவனுக்கு இரண்டு யுகம். மாமாவின் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

இருவருமாக அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். வாய்க்குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து கிடந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டார்.

"பாதி வழியில காத்தே வரலடா," என்றார். பிறகு கப்பலைப் பார்த்தார். "எஞ்சின் எங்கடா ஓடுது?"

குடுக்கை அவருடைய கையைப் பிடித்து வாட்சைத் திருப்பிக் காட்டினான். பக்கத்தில் தன் கையையும் வைத்தான். அவருடையது பத்து பதினெட்டில் நின்றிருந்தது, அவனுடையது பத்து இருபதில். இரட்டைப் பிள்ளைகளுக்குள் இரண்டு நிமிடம்தான் வித்தியாசம்.

"எப்பப் பாத்தாலும் பத்து பதினெட்டு," என்றார் மாமா மெதுவாக. "இன்னைக்கு வேலை சரசரன்னு ஓடுதுன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

"சந்தையில வாங்கினது, மாமா. ரெண்டும். போலின்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்."

அறை விழும் என்று கன்னத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழவில்லை. மாமா இரண்டு வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ரெண்டாவதை மட்டும் நீ வாங்காம இருந்திருந்தா…" என்றார்.

பையில் அவருடைய போன் அடித்தது. மூழ்குகிற நாளில் பதினோரு மணிக்கு முன்னால் அக்கா கூப்பிடாமல் இருக்கமாட்டாள். மாமா போனை எடுத்து, பேசாமல், குடுக்கையின் ஈரக் கையில் வைத்தார்.

"மேல வந்துட்டாரா?" என்றாள் அக்கா.

"வந்துட்டார்க்கா. பக்கத்துலதான் இருக்கார்."

"அப்பாடா. ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்குத்தான்டா நான் பயமே இல்லாம இருந்தேன். எல்லாம் அந்த வாட்ச் புண்ணியம்."

மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான், "நின்னுக்கிட்டு இருக்கியா? முதல்ல உக்காரு."