தெளிந்த வட்டம்

ஈரத் துணியால் அப்பாவின் காலைத் துடைத்துக்கொண்டே வந்த மகள், பாதத்துக் கட்டைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பெருவிரலை ஒட்டியிருந்த புண்ணின் மேல் அரைத்த இலை விழுது பச்சையாய்க் காய்ந்திருந்தது. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறித்தான் உயிர் போயிருக்கிறது என்று பக்கத்துத் தெரு டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பாரேன், கடைசி வரைக்கும் உன் மருந்தத்தான் போட்டிருக்காரு அண்ணன்," என்றாள் அத்தை. "ஆஸ்பத்திரிக்கு வாண்ணான்னு கெஞ்சினேன். என் பொண்ணு கண்டுபிடிச்சத விடவான்னுட்டாரு."

மகள் கூனிக் குறுகிப்போனாள். மருந்தாம் மருந்து! ஆய்வுக்கூடத்தில் ஒரு மூட்டை இலையைக் காயவைத்து, ஊறவைத்து, வடித்துப் பிரித்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகைத் தூள். அதில் தோய்த்த காகித வில்லையைக் கிருமி வளர்த்த தட்டில் வைத்தாள். வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் தெளிந்தது. அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார். அந்தச் செடியையே வாங்கித் தொட்டியில் வைத்தார்.

"உன் மருந்துதாம்மா கால்ல போடுறேன்" என்று போனில் சொன்னபோது, அது தட்டில் மட்டும்தான் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்க்கரைக்காரர் கால் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாதவளா அவள்? ஆனால் அன்று உச்சி குளிர்ந்துபோய்ச் சிரித்தாள்.

அத்தை குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் சர்க்கரைதானேம்மா. குதிகால் வெடிப்பு ஆறவே மாட்டேங்குது. அந்தத் தொட்டிய நான் எடுத்துட்டுப் போகட்டா? அண்ணன் ஞாபகமாவும் இருக்கும்."

தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா தலையாட்டிவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"வேணாம் அத்தை. அது புண்ண ஆத்தாது. மனுஷ உடம்புல நாங்க போட்டுப் பாத்ததே இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அம்மா நிமிர்ந்தாள்.

"இத அப்பாகிட்ட ஏன்டி சொல்லல?"

வாசலில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி துடைத்தாள். விழுது உதிர்ந்துவிட்டது, பச்சைக் கறை போகவில்லை. கறையைச் சுற்றிச் சதை கறுத்து வட்டமிட்டிருந்தது. அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவா," என்றாள் அம்மா. "அவருக்கு வலிக்கும்."