பாலமா, தூரிகையா

மாமியார் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பதே அபூர்வம். அதிலும் ஒரே தளத்தில் ஆளுக்கொரு அணிக்குத் தலைமை தாங்குவது வேண்டாத வினை என்று சின்னவளின் கணவன் ஆரம்பத்திலேயே சொன்னான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் "அக்கா", அலுவலகத்தில் "மேடம்". நாக்கைக் கொஞ்சம் பழக்கினால் போதும் என்று நினைத்தாள்.

ஆம்புலன்ஸ் சேவை ஒன்றின் வேலை வந்தபோதுதான் வம்பு முளைத்தது. யாராவது உயிருக்கு ஆபத்து என்று அழைத்தால், பக்கத்தில் நிற்கும் வண்டியின் டிரைவர் போனில் அலாரம் அலற வேண்டும். டிரைவர்கள் வைத்திருந்தது இரண்டு வகை போன். இரண்டுக்கும் தனித்தனியாக முழுச் செயலி எழுத ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. ஒரு தடவை எழுதி இரண்டிலும் ஓட்ட ஒரு ஃபிரேம்வொர்க் வேண்டும்.

எது என்பதில்தான் தகராறு. அலுவலகத்தில் இரண்டுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று பாலம். எல்லாருக்கும் பழகிய இணையதள மொழியில் எழுதலாம். அது நடுவில் நின்று போனோடு பேசி, போனின் சொந்தப் பொத்தான்களையே வாங்கித் தரும். இன்னொன்று தூரிகை. மொழி புதுசு, போனிடம் எதையும் கேட்காமல் திரை முழுவதையும் தானே வரைந்துவிடும். பெரியவள் பாலத்தின் பக்கம் நின்றாள், சின்னவள் தூரிகையின் பக்கம்.

"வழுக்கிக்கிட்டு ஓடுது மேடம், தொட்டுப் பாருங்க," என்றாள் சின்னவள்.

"டிரைவர் என்ன பனிச்சறுக்கா போகப் போறார்?" என்றாள் பெரியவள். கூட்டத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு முகம் சுண்டிப்போனது.

நிறுவனத் தலைவர் கையை உயர்த்தினார். "ஆளுக்கொண்ணு செஞ்சு கொண்டு வாங்க. ஆம்புலன்ஸ் ஷெட்ல வெச்சே பார்த்துடலாம். எது ஜெயிக்குதோ, மத்த அணி அதுக்குள்ள சேர்ந்துடும்."

அதாவது, ஒரு ஓரகத்தி இன்னொருத்தியிடம் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

சோதனைக்கு முந்தின சனிக்கிழமை சின்னவள் தன் செயலியை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் போனாள். அங்கே ஹாரன் என்று ஒரு டிரைவர் இருந்தார். அவர் குரலுக்கு வந்த பெயர் அது. அவருடைய போன் கண்ணாடி விரிசல் விட்ட, விலை குறைந்த ஒன்று. அதில் செயலியை ஏற்றிச் சோதித்தாள். அலாரம் காது கிழிய அடித்தது. டீ குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, மறுபடியும் சோதித்தாள். போன் கல் மாதிரிக் கிடந்தது.

அவள் அன்று பூராவும் ஷெட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து காரணத்தைத் தோண்டினாள். கடைசியில் பிடிபட்டது. சும்மா கிடந்தால் அந்தப் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. அலுவலகத்துப் புது போன்களில் இது தெரியவே தெரியாது. எழுப்புவதற்கென்று போனின் சொந்த மொழியிலேயே ஒரு சின்ன நிரல் துண்டு எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாள். இந்த முறை எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் அடித்தது.

திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. இது தூரிகையின் குற்றமில்லை. பாலத்திலும் இதே கதைதான். பெரியவளுக்குத் தெரியாது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை பெரியவள் வீட்டுக்குப் போனாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்தா எனக்குத்தான் பிரஷர் ஏறுது," என்று மாமியார் தட்டோடு இடம் மாறினார். சின்னவள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"அக்கா, ஷெட்ல போய்..."

"பயப்படாதே," என்று பெரியவள் சிரித்தாள். "என் கீழ வந்தாலும் உன்னை ரொம்ப வேலை வாங்க மாட்டேன்."

அண்ணன், தம்பி, மாமியார் என்று மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. சின்னவள் சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். சோதனையில் தானாகவே தெரியட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்பது செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டில் தெரிந்தது. கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளர் அம்மாள் கறாரானவர். "விளையாட்டுச் சோதனை எனக்கு வேண்டாம். வர்ற நிஜ அழைப்பே போகட்டும். முதல் அழைப்பு பெரிய மேடத்தோட ஆப்புக்கு. அனுப்பினதும் மேலேருந்து கையைத் தூக்குவேன்," என்று சொல்லிவிட்டு மாடியேறினார். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அவர் தலை தெரிந்தது.

ஹாரனின் போனில் பெரியவளின் செயலி ஏறியது. ஒரு தடவை அடித்துக் காட்டியது. போனை மேஜையில் வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள்.

அழைப்பு வரவில்லை. தலைவர் கொட்டாவி விட்டார். ஹாரன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். சின்னவள் அந்தக் கறுத்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்நேரம் தூங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது சொன்னால்கூடப் போதும். வாயைத் திறந்தாள். பெரியவள் கைகட்டி நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

மேலே கை உயர்ந்தது.

மேஜையில் சத்தமில்லை. எல்லாரும் போனைப் பார்த்தார்கள். பெரியவள் உதட்டைக் கடித்தாள். "நெட்வொர்க்கா இருக்கும். ஒரு நிமிஷம்," என்றாள்.

"அடிக்காதுக்கா! அது அடிக்கவே அடிக்காது!" என்று கத்தினாள் சின்னவள். "அண்ணே, வண்டியை எடுங்க!"

அவள் மாடிச் சன்னலுக்குக் கீழே ஓடிப் போய் முகவரி கேட்டுக் கூவினாள். பொறுப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து மாடிக் கம்பியில் சாய்ந்து முகவரியைக் கூவினார். மூன்றாவது மாடி, மாடிப்படியில் விழுந்த பெண், மூச்சுத் திணறல். ஹாரன் துணியை வீசிவிட்டு ஏறினார். சைரன் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள் பெரியவள்.

"சனிக்கிழமை. சும்மா கிடந்தா இந்தப் போன் ஆப்பைத் தூங்க வெச்சுடுது. என்னோடதுல சரி பண்ணிட்டேன்."

"ஞாயித்துக்கிழமை என் வீட்ல உக்காந்து சாப்பிட்டே."

சின்னவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

வயர்லெஸ் கரகரக்கும் வரை அப்படியே நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றது ஹாரனின் குரல். சின்னவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பொறுப்பாளர் இறங்கி வந்தார். "நடந்ததை அப்புறம் பேசிக்கங்க. எதுல செய்யப் போறீங்க? அதைச் சொல்லுங்க."

தலைவர் சின்னவளைப் பார்த்தார். அவளுடைய செயலி அடிக்கும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயித்துவிடலாம்.

"பாலத்துல," என்றாள்.

"பாவம் பார்த்துச் சொல்றியா?" பெரியவளின் குரல் சுருக்கென்றது.

"இல்லக்கா. போனை எழுப்பற துண்டு போனோட சொந்த மொழியில இருக்கு. அதைப் பாலத்துலயும் மாட்டலாம், தூரிகையிலயும் மாட்டலாம். மீதி இருக்கறது நாலு பொத்தான். அதை அழகா வரைஞ்சு என்ன ஆகப் போகுது? புது மொழி எங்க பக்கம் எனக்கு மட்டும்தான் சரளமா வரும். நான் காய்ச்சல்ல படுத்துட்டா, கோளாறு வந்தா யார் பார்ப்பா? உங்க பக்கம் யார் வேணா திறந்து பார்க்கலாம்."

பெரியவள் மறுக்கவில்லை. பொறுப்பாளர் தலையாட்டிவிட்டு, தினமும் காலையில் ஒவ்வொரு போனும் அடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும் என்று கண்டிப்பாகச் சொன்னார். செயலி மேல் நம்பிக்கை வரும்வரை வயர்லெஸிலும் அழைப்பு போகும்.

அணிகள் இணைந்தன. சின்னவள் பெரியவளுக்குக் கீழே வந்தாள். பெரியவள் அவளிடம் பேசவில்லை. வேலையெல்லாம் மின்னஞ்சலில் வந்தது, அதுவும் இரண்டே சொல்லில். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது மாமியார் வழியாகச் சேதி போனது. "அவகிட்டே குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்று பெரியவள் சொல்ல, "என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்களே," என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். சின்னவள் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள். பெரியவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியம், தளத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்த நேரம், பெரியவள் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சின்னவளின் மேஜை அருகே போட்டாள்.

"நான் மறந்துட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலக்கா."

"அந்தத் துண்டு நீ எழுதினது, எனக்குப் பாதி புரியல. நாளைக்கு ரெண்டாவது ஷெட்டுக்கும் போகுது. புரியாத ஒண்ணுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "முதல் வரியிலேருந்து சொல்லு. அவசரப்படாம சொல்லு."

சின்னவள் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.