உப்புத்தாளில் ஆபிரகாம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் ஓவியம் வரைவது எப்படி என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வரியிலேயே ஆபிரகாம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கட்டுரை அத்தோடு போயிற்று.

2

[தாராவியில் ஒரு மழைநாள்... வேண்டாம். தாராவி என்றாலே எல்லோரும் மழையைக் கூப்பிட்டுவிடுகிறோம்.]

ஞாயிறு பூசை முடிந்து வந்த நேரம். ஷைனி தன் புருஷன் ஆபிரகாமை வரைகிறாள். தாள், அவர் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறையிலிருந்து வந்த, தோலைத் தேய்க்கும் உப்புத்தாள். பேஸ்டல் பொடிக்குச் சொரசொரப்பு வேண்டும், வழவழப்பில் நிற்காது. முதலில் இருட்டு, பிறகு நிறம், கடைசியில் வெளிச்சம். ஐந்தாறு பூச்சுக்குமேல் போனால் சொரசொரப்பு நிரம்பி, நிறம் வழுக்கிவிடும்.

படம் மாட்டுங்காவில் அவளுடைய ஓவிய வகுப்பின் கண்காட்சிக்குப் போகிறது. இடது கை வரக் கூடாது என்பது ஆபிரகாமின் ஒரே நிபந்தனை. நான்கு வருஷம் முன்பு வெட்டு மெஷின் அதில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கை பாக்கெட்டில்தான். ஷைனி தொட்டால்கூட இழுத்துக்கொள்வார்.

(குறிப்பு: விபத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவருக்குப் பிடிக்காது என்று கிழித்துவிட்டேன்.)

3

வரைந்து முடித்துக் காட்டினாள்.

“யாருளா இது? போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சவன் மாதிரி இருக்கான்.”

“கைய ஒளிச்சா தோளும்லா சேந்து ஒளியுது. நான் என்ன செய்யட்டும்?”

ஆபிரகாம் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு இடது கையை வெளியே எடுத்து முழங்கால்மேல் வைத்தார்.

“சரி, சீக்கிரம் வரை. ஜல்தி.”

படத்தில் பாக்கெட்டும் முழங்காலும் இருந்த இடத்தில் தாள் பூச்சால் நிரம்பிப்போயிருந்தது. பிரஷ்ஷால் பொடியைத் தட்டினாள். இன்னும் ஒரே ஒரு பூச்சு தாங்கும். தப்பினால் திருத்த முடியாது.

4

முடிவு ஒன்று: மூன்று விரலையும் வரைகிறாள். கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தக் கையையே பார்க்கிறார்கள், அவர்... [இதை முடிக்கவில்லை.]

முடிவு இரண்டு: ஐந்து விரல் வரைகிறாள். [இதை எழுதியதற்கே வெட்கப்படுகிறேன்.]

மூன்றாவது எனக்கு வரவில்லை. ஸ்டூலில் அவர் முழங்கால்மேல் அந்தக் கை இருக்கிறது, அது மட்டும் தெரிகிறது. ஷைனி எழுந்து போய், பொடி அப்பிய விரல்களோடு அதைப் பிடித்துக்கொள்கிறாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

“படம்?” என்கிறார்.

“இருக்கட்டும்.”

அப்புறம் வரைந்தாளா, என்ன வரைந்தாள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போது அவர்களைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை.