சீனி மூட்டையின் மறுமுனை

ஆரியசாலைக் கடைத்தெருவில் விடியுமுன்பே சீனி லாரி வந்து நின்றுவிட்டது. மூட்டை ஒன்று நூறு கிலோ. லாரியின் மேலிருந்து சுவாமிதாஸும் லிங்கமும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி, கீழே குனிந்து நிற்பவன் முதுகில் வைக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட பலசாலியும் அந்தச் சாக்கைத் தானாக எடுத்து முதுகில் போட்டுக்கொள்ள முடியாது. போன மாதம் பிச்சைக்கனியின் இடுப்பு மளுக்கென்று போனபோது, அவன்மேல் மூட்டையை வைத்தவை சுவாமிதாஸின் கைகள்தான்.

இன்று பிச்சைக்கனி இடது காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, ஆபரேஷன் வேண்டும் என்று நேற்றுத்தான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சுவாமிதாஸும் கூடப் போயிருந்தான்.

முதலாளி ராஜமணி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். போன வருஷம் அவருக்கும் இதே டிஸ்க்தான்.

"சர்க்கார் ஆஸ்பத்திரியில முதுகக் கீறித் திறப்பான், மூணு மாசம் கெடப்ப. நான் பண்ணுனது கீஹோல். விரல்கடை அளவு துளை. மூணாம் நாள் வீடு, பத்தாம் நாள் கடை. செலவ நான் பாத்துக்கிடுதேன். பத்தாம் நாள் நீ மூட்டைக்கு வந்திரணும். ஆபரேஷன் வரைக்கும் இப்பிடியே வேலையப் பாரு. முடியலன்னா வேற ஆள் வச்சுக்கிடுதேன்."

சுவாமிதாஸுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் சொன்னத நானும் கேட்டேன் அண்ணாச்சி. துளைன்னா புண்ணு சட்டுனு ஆறும், வலி கொறயும். உள்ள எடுக்கியது அதே டிஸ்க்குத் துண்டுதான். ரெண்டுல எது செய்தாலும் நூறு கிலோ பின்னே ஒருக்காலும் தூக்கப்பிடாதுன்னாரு. நீங்க திரும்பி வந்தது நாற்காலிக்கு. இவன வரச் சொல்லியது மூட்டைக்கு."

"எலே, தம்பானூர்ல ரயிலு வந்தா நூறு பேர் வேல தேடி எறங்குதான். தொழிற்சங்கத்து அட்டைகூட இல்லாத பயலுவளுக்கு வாயப் பாரு!"

பிச்சைக்கனி பயந்துபோனான். ஊரில் மனைவி பூமாரியும் பிள்ளைகளும் இந்த முதுகை நம்பித்தான் இருந்தார்கள். "ஏத்துங்கடே" என்று குனிந்தான். இடது காலை முழுசாக ஊன்ற முடியவில்லை.

லிங்கம் ஒரு முனையைப் பிடித்தான். சுவாமிதாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு மனுஷன் முதுகை ஒடிக்க இரண்டு பேர் வேண்டுமென்றால், அதில் ஒருவனாக இனி அவன் இல்லை. லிங்கம் அவன் முகத்தைப் பார்த்தான். பிடித்த முனையை விட்டுவிட்டான்.

"ஏத்துங்கலே!" என்று ராஜமணி கத்தினார்.

"வாங்க அண்ணாச்சி, அந்த முனைய நீங்க பிடியுங்க. ஒங்களுக்குத்தான் கீஹோல் செய்து செரியாயாச்சே!" என்றான் சுவாமிதாஸ்.

ராஜமணியின் கை தானாக இடுப்புக்குப் போனது. "என்னைய வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர்..." என்றவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற கோபமா அது! பக்கத்துக் கடை அரிசி லாரியில் நின்றவர்களும் மூட்டையைக் கீழே வைத்தார்கள்.

சுவாமிதாஸ் இறங்கிப் போய்ப் பிச்சைக்கனியைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். "எந்த ஆபரேஷன்னு இவனும் டாக்டரும் முடிவு செய்யட்டு. எத்தன மாசமானாலும் இவனுக்க வேலை இங்க இருக்கணும், அதுவும் பாரமில்லாத வேலை. ஒத்த முதுகுல நூறு கிலோ இனி ஏத்த மாட்டோம்."

"நாங்களும் ஏத்த மாட்டோம்" என்று அரிசி லாரியிலிருந்து குரல் வந்தது.

ராஜமணி ஆள் தேடி டெலிபோனைச் சுழற்றத் தொடங்கினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, இந்த மூட்டைக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொள்ள லிங்கம் தம்பானூருக்குக் கிளம்பினான். அரிசிக் கடையிலிருந்து நாலு பேர் கூடவே நடந்தார்கள்.